இரண்டு தூண்டில் வளைவுகளுக்கு நடுவே ஒரு மைதானம்

திருச்சி திருவெறும்பூருக்குப் பக்கத்தில் எங்கள் நகர். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். ஏரிக்கரையில் நடைபாதை, சிறுவர் பூங்கா, மழைநீர் வடிகால் மூன்றையும் மூன்று கட்டமாகச் செய்து தரும்படி அரசுக்கு மனு கொடுத்திருக்கிறோம். மொத்தமாகக் கேட்டால் பயந்துவிடுவார்கள், கட்டம் கட்டமாகக் கேட்டால் கிடைக்கும் என்பது எங்கள் செயலாளரின் கணக்கு. அவருக்கு முதல் கட்டத்திலேயே ஒரு நீரூற்றும் வேண்டுமாம். ஏரிக்கரையில் எதற்குங்க நீரூற்று என்று நான் கேட்டு வைத்ததில் இரண்டு கூட்டங்கள் வீணாகப் போயின.

இந்த நேரத்தில்தான் சென்னைத் தோழி ஒருத்தி ஒரு பலகையின் படத்தை அனுப்பினாள். வடசென்னையில், திருவொற்றியூர் கடற்கரையோரத்தில் நட்டிருக்கும் பலகை. முதல் கட்டம் நிறைவு, இரண்டாம் கட்டம் தொடக்கம், மூன்றாம் கட்டம் திட்டத்தில் என்று போட்டு, ஒவ்வொன்றுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்றும் எழுதியிருந்தது. இப்படி ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்த பலகையை நான் அதுவரை பார்த்ததில்லை. நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று பிப்ரவரி மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ரயில் ஏறினேன். சுற்றுலாவுக்கு மக்கள் மகாபலிபுரம் போவார்கள், நீ பலகை பார்க்கப் போகிறாயா என்று கணவர் கேலி செய்தார்.

ஸ்லீப்பர் டிக்கெட் 235 ரூபாய். விடிவதற்கு முன்பே எழும்பூர் வந்துவிட்டது. அங்கிருந்து கடற்கரை நிலையம், மாறி ஏறி ராயபுரம். மின்சார ரயிலுக்கு ஐந்து ரூபாய்தான், ஆனால் கடற்கரையில் அடுத்த வண்டிக்கு அரைமணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. தெற்கே தாம்பரம் பக்கம் போல இங்கே வண்டிகள் அடுத்தடுத்து வருவதில்லை. இந்த வழியில் போக நினைப்பவர்கள் நேரத்தைக் கொஞ்சம் தாராளமாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ராயபுரத்தில் இறங்கிக் கல்மண்டபம் பக்கம் நடந்து ஒரு கடையில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். ஐம்பது ரூபாய். வடகறி நன்றாகக் காரமாக இருந்தது, மறுபடி கேட்டபோது முகம் சுளிக்காமல் ஊற்றினார்கள். பிறகு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் மீன் ஏலம் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட ஓரமாக ஒதுங்கி நின்றேன் என்பதுதான் சரி. கூடையோடு ஓடிவந்த ஓர் அம்மா, "யம்மா, வாங்கறதுன்னா வாங்கு, இல்லாங்காட்டி ஓரமா நில்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். புடவையில் மீன் தண்ணீர் தெறித்தது. புதுப் புடவை கட்டிக்கொண்டு அங்கே போகாதீர்கள்.

துறைமுக வாசலில் ஓர் ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் பெயர் ரவி, நாற்பது வயது இருக்கும். தோழி அனுப்பிய படத்தைக் காட்டி இந்த இடத்துக்குப் போகவேண்டும் என்றேன்.

"இந்த பார்க்கா? எங்கந்து வர்றீங்க?"

"திருச்சி."

"திருச்சிலந்து இந்த பார்க்க பாக்கவா வந்துகீறீங்க? அங்க மலக்கோட்ட கீது, ஆறு கீது. அத்தெல்லாம் உட்டுட்டு?"

காரணத்தைச் சொன்னேன். அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. போக 150 ரூபாய், காத்திருந்து எண்ணூர் வரை கொண்டுபோய் விட்டால் எல்லாம் சேர்த்து 600 என்று பேசி முடித்தோம். நியாயமான தொகைதான் என்று நினைக்கிறேன்.

காசிமேட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர். கடலோரமாகவே போகும் அகலமான சாலை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சரக்குத் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகள். லாரி வரிசை ஒரு கிலோமீட்டராவது இருக்கும். சில ஓட்டுநர்கள் வண்டிக்கு அடியில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். கடல் பக்கம் கரையே இல்லை, பாறைதான். அந்தப் பாறைச் சுவரிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அதற்குத் தூண்டில் வளைவு என்று பெயர். கடல் கரையைத் தின்னாமல் இருக்கக் கட்டியது என்று ரவி சொன்னார். அவர் பிறந்த வீடு இருந்த இடத்தைக் கையால் காட்டினார். அங்கே அலை அடித்துக்கொண்டிருந்தது.

"வூடு போச்சு, தெரு போச்சு. ஆனா வளைவு கட்ன அப்பால ரெண்டு வளைவுக்கு நடுவுல மண்ணு சேந்து புச்சா தர வந்துச்சு. அதுதான் நீங்க பாக்கப் போற எடம்" என்றார்.

நான் பார்க்க வந்த பூங்கா, கடல் திருப்பிக் கொடுத்த நிலத்தில் இருக்கிறது என்பது பலகையில் எழுதியிருக்கவில்லை. இதைக் கேட்டதும் எனக்கு ஆர்வம் இரட்டிப்பாகிவிட்டது. பூங்காவை ஒட்டியிருக்கும் மீனவர் குப்பத்தின் பெயரைப் போட வேண்டாம், படமும் வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொண்டார்கள். அதனால் இரண்டும் இந்தப் பதிவில் இல்லை.

முதலில் முதல் கட்டம். பாறைச் சுவரை ஒட்டி நானூறு மீட்டர் நடைபாதை, ஊஞ்சலும் சறுக்கும், விளக்குகள், உடற்பயிற்சிக் கருவிகள். நன்றாகவே கட்டியிருக்கிறார்கள், குறை சொல்லியே தீரவேண்டும் என்று நான் வரவில்லை. பெஞ்சுகள் கடலைப் பார்த்து இருக்கின்றன, நிழலும் உண்டு. கருவிகளைப் பிடித்துப் பார்த்தபோதுதான் உள்ளங்கை கறுப்பாகிவிட்டது. உப்புக் காற்றில் ஒரு வருடத்துக்குள் துருப்பிடித்துவிடுகிறதாம். அதனால் படகு இஞ்சினுக்குப் போடும் கிரீஸைக் குப்பத்துக்காரர்களே வாரம் ஒருமுறை பூசிவிடுகிறார்கள். நட்ட மரங்களில் பூவரசு மட்டும் பிழைத்திருக்கிறது. எங்கள் மனுவில் பராமரிப்பு என்று ஒரு வரிகூட இல்லை என்பது அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது.

பலகை, படத்தில் பார்த்தது போலவே இருந்தது. முதல் கட்டம் மாநகராட்சிப் பணம். இரண்டாம் கட்டம் ஒரு தனியார் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி. அதில் மூன்று வேலைகள்: பெண்களுக்கான கழிப்பறை, உடை மாற்றும் அறை, வாகன நிறுத்துமிடம். மூன்றாம் கட்டத்தில் உணவகங்களும் படகுத் துறையும். அதற்கு எதிரே 'நிதி ஆதாரம்: பரிசீலனையில்' என்று இருந்தது. இந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை வருடம் ஆயுள் இருக்கும் என்று எந்தச் சங்கத்துப் பொருளாளரைக் கேட்டாலும் சொல்வார்.

நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒரு மைதானம். இரண்டு வளைவுகளுக்கு நடுவில் கெட்டியான மணல் தரை. நான் போனபோது அங்கே ஒரே பரபரப்பு. ஆண்கள் பரப்பியிருந்த வலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் துடைப்பத்தால் கூட்டித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முனையில் கால்பந்து உடையில் பத்துப் பதினைந்து பெண் பிள்ளைகள் இரும்புக் குழாயில் செய்த கோல் போஸ்டை ஆட்டி ஆட்டிப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் சாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் வந்து இறங்கின.

பிள்ளைகளோடு நின்றிருந்தவள் கௌரி. முப்பதுக்குள்தான் வயது. மணலியில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் கணக்கு வேலை, காலையிலும் மாலையிலும் இந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி. ரவிக்குத் தெரிந்தவள் என்பதால் என்னை அறிமுகப்படுத்தினார். வார நாட்களில் காலையில் மைதானம் முழுக்க வலை, மாலையில் முழுக்கப் பந்து, சனி ஞாயிறு காலைகளில் பாதிப் பாதி என்று ஏற்பாடு. இதுவரை சண்டை வந்ததில்லையாம்.

"பாத்ரூம் வந்துச்சுன்னா போதும்க்கா" என்றாள். "இதுங்க காலைலந்து தண்ணியே குடிக்கறதில்ல. நடுவுல போவணும்னா வூட்டுக்கு ஓடணும், ரோட்ட தாண்டணும். லாரி எப்டி வருதுன்னு பாத்தீங்க இல்ல? அந்த பயத்துலயே ரெண்டு பொண்ணுங்கள அனுப்ப மாட்டேன்னுட்டாங்க."

வெயிலில் ஓடிவிளையாடும் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதா? எங்கள் செயலாளரின் நீரூற்று ஞாபகம் வந்து கோபமும் வந்தது.

இரண்டாம் கட்டத்துக்கான கள ஆய்வு அன்றைக்குத்தான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மார்ச் மாதத்துக்குள் பணம் செலவாக வேண்டும் என்பதால் நிறுவனத்தார் சனிக்கிழமையிலும் வருகிறார்கள். பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மணி பத்து. கௌரியிடம் வரைபடத்தின் நகல் இருந்தது. வாங்கிப் பார்த்தேன். வடக்கு மூலையில் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும். நடுவில், பிள்ளைகள் நின்றுகொண்டிருந்த இடத்தில், நாற்பது கார்களுக்கான நிறுத்துமிடம். அந்தக் கட்டத்துக்குள் 'பயன்பாடற்ற காலி இடம்' என்று எழுதியிருந்தது.

"இது உங்க மைதானம்தானே?" என்று கேட்டேன்.

"ஆமா. அதான் இன்னிக்கி கேக்கலாம்னு கீறோம். அளந்துகினு போனவங்க எப்டி காலி எடம்னு எழுதனாங்கன்னே தெர்ல."

எனக்கு எதையும் கேட்டுவிட வேண்டும், அது ஒரு வியாதி. கோல் போஸ்டை எதற்குப் பிடுங்குகிறீர்கள் என்று கேட்டேன்.

"பெரிய ஆளுங்க வர்றாங்கல்லக்கா. எடத்த கலீஜா வெச்சிகினு இருந்தா மரியாதையா இருக்காது. யாரு வந்தாலும் எல்லாத்தையும் எடுத்து வெச்சி, கூட்டி பெருக்கி, சேர் போட்ருவோம். எங்க ஊரு பழக்கம் அது."

"அளக்க வந்தப்பவும் எடுத்து வெச்சீங்களா?"

கௌரி கையில் இருந்த குழாயைப் பார்த்தாள். பிறகு வரைபடத்தைப் பார்த்தாள். "அய்யோ" என்று மெல்லச் சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

சாமியானாவுக்கு அருகே நின்ற ஊர்த் தலைவரிடம் அவள் போய்ச் சொன்னபோது ரவியும் நானும் பின்னால் நின்றோம். தலைவருக்கு அறுபது வயது இருக்கும், வெள்ளை வேட்டியை அப்போதுதான் மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"மாமா, வலைய திரும்ப விரிக்க சொல்லுங்க. நாம எடுத்து வெச்சதாலதான் காலின்னு எழுதிகினு போய்கீறாங்க."

"இன்னா பேசற? வர்றவங்க வலைய தாண்டி தாண்டியா வருவாங்க? துட்டு குடுக்கறவனுக்கு குந்த ஒரு எடம் வேணாமா? கோச்சிகினு அவன் வேற ஏரியாவுக்கு போய்ட்டான்னா இன்னா பண்ணுவ?"

"போட்டும். அதுக்காக அவன் கார் வந்து நிக்க நம்ம கிரவுண்ட குடுக்கறதா?"

தலைவரின் பயம் பொய்யில்லை. நிதி கொடுப்பவர் முகம் கோணினால் பணம் அடுத்த ஊருக்குப் போய்விடும் என்பது எனக்கும் தெரியும். மனுப் போடுகிற ஒவ்வொருவரும் அந்தப் பயத்தோடுதான் கும்பிடு போடுகிறோம். அவர் தலையாட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அவர் சும்மா இருந்ததே போதுமானதாக இருந்தது. ஓர் அம்மா தன் வலையை முதலில் விரித்தார். அரைமணி நேரத்தில் எல்லா வலைகளும் பழையபடி மணலில் கிடந்தன. கோல் போஸ்டுகள் இரண்டும் நின்றன. பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

பதினொன்றரைக்கு இரண்டு கார்கள் வந்தன. நிறுத்த இடமில்லாமல் சாலையோரத்திலேயே நின்றன. பின்னால் வந்த லாரி விடாமல் ஹாரன் அடித்தது. காரிலிருந்து இறங்கிய நிறுவன அதிகாரி வெயிலில் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இதுக்குத்தான் பார்க்கிங் வேணும்ங்கறது" என்றார். எனக்கே சங்கடமாகப் போய்விட்டது, அவர் சொன்னது நியாயம்தானே.

அவர் நேராக வலைமேல் கால் வைக்கப் போனார். "சார், செருப்போட வலைய மிதிக்கக் கூடாது" என்று நாலைந்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள். கோபமாக இல்லை, கோயில் வாசலில் சொல்வது போலத்தான். அவர் ஷூவைக் கழற்ற யோசித்துக்கொண்டு நின்றார். கூட வந்த மாநகராட்சி உதவிப் பொறியாளர், சின்ன வயதுப் பெண், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடுவரைக்கும் நடந்து போனார். ஒரு பந்து அவர் காலடியில் வந்து விழுந்தது. அதைத் தூக்கிப் பிள்ளைகளிடம் எறிந்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"இது எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"தெனமும் மேடம்" என்றாள் கௌரி.

"நாங்க அளந்தப்போ ஒண்ணுமே இல்லையே."

"நீங்க வர்றீங்கன்னு எடுத்து வெச்சிட்டோம்."

பொறியாளர் சிரிக்கப் போய், கௌரியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். பிறகு நிறுவன அதிகாரியிடம் திரும்பி, நிறுத்துமிடத்தை எடுத்துவிட்டு மற்ற இரண்டை மட்டும் கட்ட முடியுமா என்று கேட்டார்.

அவரும் கெட்டவர் இல்லை. பொறுமையாகவே பதில் சொன்னார். "மேடம், எங்க போர்டு பாஸ் பண்ணது இந்த ட்ராயிங்க. ஒரு கோடு மாத்தினாலும் திரும்ப முதல்லேருந்து போகணும். மார்ச் தாண்டிடும். அதுக்கப்புறம் இந்தப் பணம் இங்கதான் வரும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது. முழுசா எடுத்துக்குங்க, இல்ல வேணாம்னு இன்னிக்கே சொல்லிடுங்க."

எல்லோரும் கௌரியைப் பார்த்தார்கள். தலைவர் மட்டும் பார்க்கவில்லை. அவள் பிள்ளைகளிடம் போனாள். நானும் பின்னால் போனேன். எதையும் கூட்டிக் குறைக்காமல் சொன்னாள். கார் நிற்க இடம் கொடுத்தால் பாத்ரூம் வரும், கொடுக்காவிட்டால் இரண்டும் இல்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோல் கீப்பர் பெண் கையுறையைக் கழற்றியபடி கேட்டாள்:

"கிரவுண்டு இல்லன்னா நாங்க இங்க எதுக்குக்கா வரப் போறோம்? அப்பால பாத்ரூம் யாருக்கு?"

கௌரி திரும்பி வந்து, "வேணாம் சார்" என்றாள். அதிகாரி கைகூப்பிவிட்டுக் காரில் ஏறினார். தலைவர் எழுந்து, "தேடி வந்தத தொரத்தி உட்டுட்ட" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். வாங்கி வைத்திருந்த குளிர்பானங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பாதிப்பேர் குடிக்கவில்லை.

பொறியாளர் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தார். வந்த காரியத்தை மறக்காமல் அவரிடம் சில விஷயங்கள் கேட்டுக்கொண்டேன். கழிப்பறையை மட்டும் தனி மதிப்பீடாகப் போட்டு வார்டு நிதியில் கேட்கலாம், ஆனால் வரிசையில் நிற்கவேண்டும் என்றார். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். "பொய் சொல்ல விரும்பல மேடம்" என்றார். போவதற்கு முன் வரைபடத்தில் 'பயன்பாடற்ற' என்ற சொல்லைப் பேனாவால் அடித்து, மேலே 'விளையாட்டு மைதானம், வலை உலர்த்தும் இடம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு ரவி என்னை எண்ணூருக்குக் கொண்டுபோனார். ஏழு கிலோமீட்டர். முகத்துவாரம் வரை போய், அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பார்க்க வேண்டிய இடம்தான், அன்றைக்கு என் மனம் அதில் இல்லை. ஒரு கழிப்பறைக்கும் ஒரு மைதானத்துக்கும் நடுவில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை நிறுத்தி எது வேண்டும் என்று கேட்டுவிட்டோமே என்று ஆத்திரமாக இருந்தது. அதில் யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை. ஒருவரும் தங்கள் வேலையில் தப்புச் செய்யவில்லை. எண்ணூர் நிலையத்திலிருந்து கடற்கரைக்கு ஐந்து ரூபாய் டிக்கெட் வாங்கித் திரும்பினேன்.

எங்களைப் போல மனுவோடு அலையும் சங்கங்களுக்குச் சில வார்த்தைகள். இப்படி ஓர் இடத்தைப் பார்க்கப் போனால் சொல்லாமல் போங்கள், ஒரு சாதாரண நாளில் போங்கள். கட்டி முடித்ததைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் அடுத்த கட்டத்துக்கு ஒதுக்கிய இடத்திலும் போய் நில்லுங்கள். ஆறு மாதம் கழித்து யார் கிரீஸ் பூசுவார்கள் என்று கேளுங்கள். தனியார் நிதி கேட்கும்போது, அவசரமான வேலையையும் அலங்கார வேலையையும் ஒரே வரைபடத்தில் கட்டிப்போடாதீர்கள், ஒன்று விழுந்தால் மற்றதும் விழும். உங்கள் இடத்தை அளக்க ஆள் வரும் நாளில் தயவுசெய்து பெருக்காதீர்கள். எங்கள் ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவர்களையும் துணி துவைப்பவர்களையும் அன்றைக்கு மட்டும் வரவேண்டாம் என்று சொல்லிவைக்க எங்கள் செயலாளர் நினைத்திருந்தார். கூடாது என்று சொல்லிவிட்டேன். கையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் சாலையில் நிழல் குறைவு.

மூன்று வாரம் கழித்து, நேற்று, கௌரியைப் போனில் கூப்பிட்டேன். நிறுவனத்தின் பணம் வேறு பகுதிக்குப் போய்விட்டது. கழிப்பறைக்குத் தனியாக மனுக் கொடுத்திருக்கிறார்கள், பதில் இல்லை. வராமல் நின்ற இரண்டு பிள்ளைகள் இன்னும் வரவில்லை. தப்புப் பண்ணிவிட்டோமோ என்று சில ராத்திரி தூக்கம் வருவதில்லை என்றாள். தலைவர் பேசுகிறாரா என்று கேட்டேன்.

"பத்து நாளு பேசல. போன ஞாயித்துக்கெழம அவரே ரெண்டு மூட்ட சிமெண்டு வாங்கியாந்து, குழி தோண்டி, கோல் போஸ்ட்ட நட்டுட்டாருக்கா. இனிமே யாரு வந்தாலும் கழட்ட முடியாது. நாங்களே நெனச்சாலும்."